நாளைக்கும் கடை திறக்கும்
(தட்டுப்பாட்டுக் காலத்தில் மளிகை வாங்குதல் குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவு)



இந்த மேடையில் இலக்கியமும் வரலாறும் மெய்யியலும் பேசப்பட்டிருக்கின்றன. அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்க நிற்கும் கூட்டத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன் என்று நான் சொன்னபோது பொறுப்பாளர்கள் மறுப்பின்றி இசைந்தார்கள். அவர்களுக்கு என் முதல் நன்றி. ஒரு சமூகத்தில் யார் யாரை நம்புகிறார்கள், அரசின் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது, இல்லாதவர்களை இருப்பவர்கள் எந்த அளவுக்கு நினைத்துப் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் தட்டுப்பாட்டு நாளில் மளிகைக் கடை வாசலில் தெரிந்துவிடும். அதனால்தான் இந்தப் பொருளை எடுத்துக்கொண்டேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தட்டுப்பாடு வரப்போகிறது என்ற செய்தி கேட்டுக் கடைக்கு ஓடும் கூட்டத்தை நாம் அறியாமை என்கிறோம், பேராசை என்கிறோம். அந்தப் பழி நியாயமில்லை. “நாளைக்குக் கிடைக்குமா?” என்ற கேள்விக்கு நம்பும்படியான பதிலை யாரும் சொல்லாதபோதுதான் கூட்டம் திரள்கிறது. பதில் சொல்லப்பட்ட இடங்களில் கூட்டம் கலைந்திருக்கிறது. சொல்லப்படாத இடங்களில் அதன் சுமை முழுவதும் அன்றாடங்காய்ச்சிகளின் தலையில் விழுந்திருக்கிறது. எனவே கூட்டத்துக்கு அறிவுரை சொல்வதைவிட, அந்தக் கேள்விக்குப் பதில் தயாரிப்பதே நம் வேலை.

ஒரு சனிக்கிழமை

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, கொரோனா பரவலைத் தடுக்க நள்ளிரவு முதல் 21 நாள் ஊரடங்கு என்று அறிவித்தார். பேச்சு முடிவதற்குள் நாடெங்கும் கடைகளில் கூட்டம் கூடிவிட்டது. அத்தியாவசியப் பொருள்கள் கிடைக்கும், அஞ்ச வேண்டாம் என்று அரசு சொன்னது. எந்தக் கடை, எத்தனை மணிக்கு, எந்தச் சரக்கோடு திறக்கும் என்பதை அந்த இரவில் யாராலும் சொல்ல முடியவில்லை.

ஒரு மாதம் கழித்து அதே நிலைமை தமிழ்நாட்டில் இன்னும் கடுமையாக வந்தது. ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிப் பகுதிகளில் 26 முதல் 29 வரை நான்கு நாள்களுக்கு முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. சேலத்துக்கும் திருப்பூருக்கும் 28 வரை. அந்த நாள்களில் மளிகைக் கடை கிடையாது. இடையில் இருந்தது ஒரே நாள், 25ஆம் தேதி சனிக்கிழமை. வழக்கமாகப் பகல் 1 மணிக்கு மூட வேண்டிய கடைகளுக்கு அன்று மட்டும் 3 மணிவரை அனுமதி நீட்டிக்கப்பட்டது.

விளைவை நாம் எல்லோரும் பார்த்தோம். நோய் பரவாமல் இருக்க மக்கள் ஒருவரையொருவர் விட்டு விலகி நிற்க வேண்டும் என்பதற்காகப் போடப்பட்ட ஊரடங்கு, அதற்கு முந்தைய நாளில் ஒரு மாநகரத்தையே தோளோடு தோள் உரச நிற்கவைத்தது. காய்கறிக் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் சுண்ணாம்புக் கட்டியால் போட்டிருந்த வட்டங்கள் மனிதக் காலடிகளில் அழிந்தன. மறுநாள் செய்தித்தாள்கள் மக்களின் பொறுப்பின்மையைக் கண்டித்தன. நான்கு நாள் கடை இல்லை என்று சொல்லி, ஒரு பகலை மட்டும் கையில் கொடுத்தால், பொறுப்புள்ள குடும்பத் தலைவி என்ன செய்வாள்? கடைக்குத்தான் போவாள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது. போகாமல் இருப்பதுதான் பொறுப்பின்மை.

கோயம்பேட்டையும் இங்கே நினைக்க வேண்டும். 1996இல் திறக்கப்பட்ட, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் கொண்ட அந்தச் சந்தைதான் சென்னையின் வயிற்றுக்கு வாசல். அங்கே நோய் பரவி, மே 5ஆம் தேதி சந்தை மூடப்பட்டது. அங்கிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள் வழியாக அரியலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் நோய் பரவியது. பிறகு காய்கறி மொத்த வணிகம் திருமழிசைக்குப் போய், செப்டம்பர் இறுதியில்தான் கோயம்பேடு திரும்பியது. ஒரு நகரத்தின் காய்கறி முழுவதும் ஒரே வாசல் வழியாக வந்தால், அந்த வாசல் அடைபடும்போது நகரமே தவிக்கும் என்பதை அன்று கற்றுக்கொண்டோம்.

இருந்தும் இல்லாமல் போவது

பஞ்சம் வேறு, இல்லை என்ற பேச்சு வேறு. முதலாவது வருவதற்குப் பல மாதங்கள் ஆகும். இரண்டாவது ஒரு மாலை நேரத்தில் வந்துவிடும்.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. மூன்று நாள் கழித்து, 11ஆம் தேதி மாலை, உப்புக்குத் தட்டுப்பாடு வரப்போகிறது என்ற வதந்தி உத்தரப் பிரதேசம், டெல்லி, மும்பை, ஐதராபாத் என்று பரவியது. கிலோ 200 ரூபாய், 400 ரூபாய் என்றெல்லாம் பேச்சு. உலகில் உப்பு அதிகம் விளையும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. குஜராத்தின் உப்பளங்களும் நம் தூத்துக்குடி உப்பளங்களும் அன்று ஒரு கிலோகூடக் குறைத்து விளைவிக்கவில்லை. உணவுத் துறை அமைச்சராக இருந்த ராம் விலாஸ் பாஸ்வான் உப்பு தாராளமாக இருக்கிறது என்று மறுப்புச் சொன்ன பிறகும் கடைகளில் கூட்டம் நின்றது. ஏன்? கையில் இருந்த பணமே ஒரே இரவில் செல்லாமல் போயிருந்தது. அப்படி ஒன்று நடக்கும் என்றால் உப்பும் கிடைக்காமல் போகலாம் என்று நம்ப மக்களுக்குக் காரணம் இருந்தது. வதந்தி வேர் விடும் நிலத்தை முன்பே உழுது வைத்தது அந்த நிச்சயமின்மைதான்.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது ஜப்பானில் கழிவறைத் தாளுக்காக இதே போன்ற கூட்டம் கூடியது. ஒசாகாவுக்கு அருகே உள்ள செந்ரி புறநகரில், நவம்பர் தொடக்கத்தில், ஒரு பல்பொருள் அங்காடி முன் பெண்கள் வரிசையில் நின்றார்கள். சில நாள்களில் அது நாடெங்கும் பரவியது. ஆலைகளில் உற்பத்தி குறையவே இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜானி கார்சன் கழிவறைத் தாள் தட்டுப்பாடு என்று விளையாட்டாகச் சொன்ன ஒரு சொல்லை நம்பி, மறுநாளே அமெரிக்கர்கள் கடைகளைக் காலி செய்தார்கள். 2011இல் புகுஷிமா அணுஉலை விபத்துக்குப் பின் சீனாவில் உப்பு காணாமல் போனது. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தபோது, அமெரிக்காவில் இருக்கும் இந்தியக் கடைகளில் நம்மவர்கள் மூட்டை மூட்டையாக அரிசி வாங்கினார்கள். அந்தத் தடையில் புழுங்கல் அரிசி சேரவில்லை என்பதை அறியும் வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. கடைக்காரர்கள் ஒரு குடும்பத்துக்கு ஒரு மூட்டை என்று எழுதி ஒட்ட வேண்டியதாயிற்று.

ஜப்பானியரும் அமெரிக்கரும் சீனரும் நாமும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறோம் என்றால், இதைப் படிப்பறிவின் குறை என்றோ பண்பாட்டின் குறை என்றோ சொல்ல முடியாது. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948இல் இதை விளக்கினார். நல்ல நிலையில் இருக்கும் ஒரு வங்கி நொடிக்கப் போகிறது என்று எல்லோரும் நம்பிப் பணத்தை எடுக்கப் போனால், அந்த நம்பிக்கையே வங்கியை நொடிக்கச் செய்துவிடும். தொடக்கத்தில் பொய்யாக இருந்த பேச்சு மக்களின் செயலால் மெய்யாகிவிடுகிறது. மளிகைக் கடையிலும் இதுவே நடக்கிறது. அதில் தனியொருவரைக் குற்றவாளியாக்க முடியாது. எல்லோரும் ஓடும்போது நின்றவருக்குத்தான் அன்று பருப்பு கிடைக்காமல் போகும்.

கடைக்காரரின் கணக்கு

இதை ஒரு சின்னக் கணக்காகப் பார்ப்போம். ஒரு தெருக்கோடிக் கடையை நம்பி 100 குடும்பங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குடும்பமும் வாரம் ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஒருமுறை சரக்கு வரும். கடைக்காரர் 120 கிலோ வைத்திருப்பார்; 100 கிலோ விற்பனைக்கு, 20 கிலோ கையிருப்புக்கு. அதற்குமேல் வைத்தால் வண்டு விழும், முதலும் முடங்கும்.

ஒரு நாள் காலையில் 60 குடும்பங்கள் வந்து ஆளுக்கு 2 கிலோ கேட்கின்றன. 120 கிலோவும் முடிந்தது. மீதி 40 குடும்பங்களுக்கு ஒரு கிராம்கூட இல்லை. அந்த 60 பேரில் ஒருவரும் பதுக்கல்காரர் இல்லை. ஒரே ஒரு கிலோதான் கூடுதலாக வாங்கினார்கள். அந்த வாரம் யாரும் கூடுதலாகச் சாம்பார் சாப்பிடவும் போவதில்லை. பருப்பு ஊரைவிட்டு எங்கும் போகவில்லை. கடை அலமாரியிலிருந்து சில வீட்டு அலமாரிகளுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். ஆனால் 61ஆவது ஆள் பார்ப்பது காலி அலமாரியை. அதை அவர் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புகிறார். பக்கத்துத் தெருவில் அடுத்த கூட்டம் கிளம்புகிறது.

கடைக்காரர் மறுநாள் மொத்தக் கடையில் இரண்டு மடங்கு கேட்கிறார். எல்லாக் கடைக்காரர்களும் இரண்டு மடங்கு கேட்பதால் மொத்த வணிகர் ஆலையில் மூன்று மடங்கு கேட்கிறார். நுகர்வோரிடம் தொடங்கும் சிறு அசைவு ஆலைக்குப் போய்ச் சேரும்போது பேரலையாகிவிடும். பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் குழந்தைகளுக்கான டயாப்பர் விற்பனையில் இதைக் கண்டது. குழந்தைகள் நாள்தோறும் ஒரே அளவில்தான் அதைப் பயன்படுத்துகின்றன. ஆலைக்கு வந்த ஆர்டரோ ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. இங்கும் சில வாரங்களில் சரக்கு மிதமிஞ்சி வரும், விலை விழும், விவசாயிக்கு நட்டம் வரும். தட்டுப்பாட்டுக் கூட்டத்தின் இரண்டாம் அத்தியாயம் இது. அதைச் செய்தித்தாள்கள் எழுதுவதில்லை.

2020இல் இன்னொன்றும் நடந்தது. அப்போது இந்திய உணவுக் கழகக் கிடங்குகளில் 5 கோடி டன்னுக்கும் மேல் அரிசியும் கோதுமையும் இருந்தன. ஆனாலும் லாரிகள் மாநில எல்லைகளில் நின்றன, ஓட்டுநர்களுக்குச் சாப்பாட்டுக் கடை இல்லை, மூட்டை இறக்கும் தொழிலாளர்கள் ஊர் போய்விட்டார்கள். அத்தியாவசியப் பொருள் எது, அல்லாதது எது என்று சோதனைச் சாவடியில் தர்க்கம் நடந்தது. மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம் எல்லாச் சரக்குப் போக்குவரத்தையும் அனுமதித்த பிறகே நிலைமை மெல்லச் சீரானது. கோணிப்பையும் அட்டைப்பெட்டியும் அத்தியாவசியப் பட்டியலில் இல்லாவிட்டால் பருப்பை எதில் கட்டி அனுப்புவது? கிடங்கில் இருப்பது வேறு. கடைக்கு வந்து சேர்வது வேறு.

ஐம்பது கிராம் வாங்குகிறவர்கள்

இந்த உரையில் நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது இந்தப் பகுதியைத்தான்.

முன்கூட்டி வாங்க முடிவது ஒரு வசதி. மாதச் சம்பளம் உள்ளவர் மாத லிஸ்ட் போட்டு வாங்குவார். தினக்கூலி உள்ளவர் தினமும் வாங்குவார். 50 கிராம் பருப்பு, 20 ரூபாய்க்கு எண்ணெய், ஒரு ஷாம்பு பாக்கெட், இரண்டு முட்டை. அவருக்கு வாங்கும் திட்டம் இல்லாமல் இல்லை. மாலையில் கூலி கைக்கு வந்த பிறகுதான் அவர் திட்டம் தொடங்க முடியும். காலையிலேயே கடை காலியாகிவிட்டால், மாலையில் வருகிறவருக்கு என்ன இருக்கும்?

நான் சொன்ன அந்த ஏப்ரல் சனிக்கிழமையில், எங்கள் பகுதி அண்ணாச்சி கடையில் பார்த்ததைச் சொல்கிறேன். முந்தின இரவே அவரும் கடைப் பையனும் மூட்டைகளைப் பிரித்து அரைக் கிலோ, கால் கிலோ பொட்டலங்களாகக் கட்டி வைத்திருந்தார்கள். கல்லாவுக்கு மேலே அட்டையில், “வீட்டுக்குப் பருப்பு 1 கிலோ, எண்ணெய் 1 லிட்டர் மட்டும்” என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார். காரில் வந்த ஒருவர் ஐந்து கிலோ கேட்டு வாதாடினார். “சார், நீங்க திங்கிறதுக்குத் தாரேன், அடுக்கி வைக்கதுக்குத் தர மாட்டேன்” என்றார் அண்ணாச்சி. பிறகு சித்தாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மா வந்தார். ஒரு மாதமாக வேலை இல்லை. கையில் இருந்த பணத்துக்கு வழக்கம்போல ஐம்பது கிராம் பருப்பும் கொஞ்சம் எண்ணெயும் கேட்டார். “நாலு நாளைக்குக் கடை கிடையாதும்மா. சேத்தே கொண்டு போ. துட்டு பொறவு பாத்துக்கிடலாம்.” பொட்டலங்களைப் பையில் போட்டுவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். “எழுதிக்கங்க அண்ணாச்சி, வேலை ஆரம்பிச்சதும் குடுத்துடறேன்” என்று அந்த அம்மா நோட்டில் எழுதும்வரை நின்று பார்த்துவிட்டே போனார்.

அந்தக் கடையில் நடந்ததைக் கருணை என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனமில்லை. அளவு வரம்பு, சின்னப் பொட்டலம், கடன் நோட்டு ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரு விநியோக முறை அது. தன் 100 குடும்பங்களையும் பெயர் சொல்லித் தெரிந்த வணிகரால் மட்டுமே அதை நடத்த முடியும். ஊருக்கு ஊர் இந்தக் கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன என்பதை நாம் கவலையோடு பார்க்க வேண்டும்.

முன்கூட்டி வாங்க முடியாதவரே தவிப்பார் என்ற உண்மையைப் பெரிய அளவில் வங்காளம் உலகுக்குக் காட்டியது. 1943 பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் இறந்தார்கள். பொருளியலாளர் அமர்த்தியா சென் 1981இல் வெளியான தம் நூலில் அந்த ஆண்டின் உணவு இருப்பைக் கணக்கிட்டார். முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட அது ஏறக்குறைய 5 விழுக்காடுதான் குறைவு. பஞ்சம் இல்லாத 1941ஆம் ஆண்டைவிட அதிகம். பர்மா ஜப்பானியர் கையில் விழுந்து அங்கிருந்து வந்த அரிசி நின்றது, போர்ச் செலவால் விலை ஏறியது, படகுகள் பறிமுதல் செய்யப்பட்டன, விலை இன்னும் ஏறும் என்று வணிகர்களும் வசதியுள்ளோரும் வாங்கிக் குவித்தார்கள். கூலி மட்டும் ஏறவில்லை. நிலமற்ற கூலிகளும் மீனவர்களும் கைவினைஞர்களும் அரிசி இருந்த நாட்டிலேயே அரிசி வாங்க முடியாமல் மடிந்தார்கள். கல்கத்தா நகரவாசிகளுக்குச் சலுகை விலையில் உணவு கிடைத்துக்கொண்டிருந்தது. பீதியில் முந்துகிறவர் பிழைப்பார், முந்த முடியாதவர் மாள்வார் என்பதன் மிகக் கொடிய சாட்சியம் வங்காளம்.

பதில் கிடைத்த இடங்கள்

நாளைக்கும் கிடைக்கும் என்ற உறுதி தரப்பட்ட இடங்களில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

1952இல் சென்னை மாநில முதலமைச்சராக வந்த ராஜாஜி, போர்க்காலத்திலிருந்து தொடர்ந்த அரிசிக் கட்டுப்பாட்டை ஜூன் மாதத்தில் நீக்கினார். விலை விண்ணை முட்டும் என்று பலர் அஞ்சினார்கள். நடந்தது நேர்மாறு. பதுங்கியிருந்த அரிசி சந்தைக்கு வந்தது. பதினைந்து ஆண்டுக்குப் பின், கடும் அரிசித் தட்டுப்பாட்டுக்கு இடையே நடந்த 1967 தேர்தலில், அண்ணா ரூபாய்க்கு மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார். ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் தொடங்கியது. ஒருவர் கட்டுப்பாட்டை எடுத்தார், மற்றவர் அரசின் கையால் அரிசி கொடுத்தார். வழிகள் எதிரெதிர். இருவரும் கைவைத்தது மக்களின் ஒரே அச்சத்தில்தான்.

1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்தது. 1997இல் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும் முன்னுரிமை என்று மத்திய அரசு பொது விநியோகத்தைச் சுருக்கியபோது, தமிழ்நாடு எல்லோருக்கும் என்ற கொள்கையைக் கைவிடவில்லை. 2007இல் துவரம்பருப்பும் பாமாயிலும் சிறப்புத் திட்டமாகச் சேர்ந்தன. 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. இன்று 34 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரேஷன் கடைகள், இரண்டு கோடிக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகள். இந்த ஏற்பாடு பல ஆண்டுகளாக இருந்ததால்தான் 2020 ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும் விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் தர முடிந்தது. எந்த நாள், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று எழுதிய டோக்கன் கையில் இருந்தவருக்கு அடித்துப்பிடித்து ஓட வேண்டிய தேவை இல்லை. தன் பங்கு எங்கும் போகாது என்று அவருக்குத் தெரியும்.

2021 மே மாதத்தில் மீண்டும் முழு ஊரடங்கு வந்தபோது, முந்தைய ஆண்டின் பாடம் ஓரளவு உதவியது. 24ஆம் தேதி தொடங்கும் ஊரடங்குக்கு முன், 22, 23 இரண்டு நாளும் இரவு 9 மணிவரை கடைகள் திறக்க அனுமதி கிடைத்தது. அப்போதும் கூட்டம் இருந்தது, காய்கறி விலை ஏறியது. ஆனால் ஊரடங்கு தொடங்கிய பின் காய்கறி வண்டிகள் தெருத் தெருவாக வந்தன. ஜூன் மாதத்தில் ரவை, உப்பு, சர்க்கரை, புளி, கடுகு, சீரகம், மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், டீத்தூள், சோப்பு என்று 14 பொருள்கள் கொண்ட தொகுப்பு ரேஷன் கடைகளில் கிடைத்தது. ஒரு சமையலறையை அறிந்தவர்கள் போட்ட பட்டியல் அது.

பாக் நீரிணைக்கு அப்பால் 2022இல் இலங்கை பட்ட துன்பம் இன்னும் பெரிது. அந்நியச் செலாவணி தீர்ந்து, பால்மாவுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் மக்கள் நாள் கணக்கில் வரிசையில் கிடந்தார்கள். நம் மாநிலத்திலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் ஏற்றிய முதல் கப்பல் மே 18 அன்று புறப்பட்டது. ஜூலையில் அந்நாட்டு அரசு தேசிய எரிபொருள் அனுமதி அட்டையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் கியூஆர் குறியீடு, வாரத்துக்கு இவ்வளவு என்ற ஒதுக்கீடு. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர் என்பது மிகக் குறைவு. ஆனால் அந்த 4 லிட்டர் தன்னுடையது, வேறு யாரும் எடுக்க முடியாது என்று தெரிந்ததும் வரிசைகள் சுருங்கத் தொடங்கின. எரிபொருள் திடீரென்று பெருகிவிடவில்லை. குறைவானதைக்கூட மக்கள் பொறுமையாக ஏற்றார்கள். நிச்சயமில்லாததை ஏற்க மறுத்தார்கள்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியது

அரசும் வணிகரும் செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டு, நம் பங்கை விட்டுவிட முடியாது.

சேர்த்து வைப்பது தவறில்லை. நம் கிராமத்து வீடுகளில் குதிரும் பத்தாயமும் இருந்தன. அறுவடையில் நெல் நிரப்பினார்கள். சித்திரை வெயிலில் வடகம் பிழிந்தார்கள், மோர்மிளகாய் காயவைத்தார்கள், சுண்டைக்காய் வற்றல் போட்டார்கள், புளியைக் கொட்டை எடுத்துப் பானையில் அடைத்தார்கள். காய்கறி கிடைக்காத அடைமழைக் காலத்துக்காக, காய் மலிந்த காலத்தில் செய்த ஏற்பாடு. மலிவாக இருக்கும்போது சேர்ப்பது விளைவித்தவருக்கும் நல்லது, யாருடைய பங்கையும் எடுப்பதில்லை. அரிதாக இருக்கும்போது அள்ளுவதுதான் பிறர் வயிற்றில் அடிப்பது. இரண்டிலும் வாங்கும் அளவு ஒன்றாகவே இருக்கலாம். வாங்கும் காலம்தான் அறத்தையும் அறமின்மையையும் பிரிக்கிறது.

ஆகவே வசதியுள்ள குடும்பங்களுக்கு நான் சொல்வது இது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் பால் பாக்கெட்டுக்கு மக்கள் பட்ட பாட்டைப் பார்த்தோம். பல இடங்களில் பல மடங்கு விலை சொன்னார்கள். புரட்டாசி முடிவதற்குள் இரண்டு வாரத்துக்கான அரிசி, பருப்பு, எண்ணெய், பால் பவுடர், மெழுகுவத்தி, குடிநீர்க் கேன் வாங்கி வைத்துவிடுங்கள். பழையதை எடுத்துச் சமைத்துப் புதியதை வாங்கி வையுங்கள். புயல் எச்சரிக்கை வரும் நாளில் நீங்கள் கடைக்குப் போக வேண்டியதில்லை. நீங்கள் போகாத அந்த இடத்தில், முன்கூட்டி வாங்க வழியில்லாத ஒருவர் நிற்பார். வீட்டில் இருப்பு உள்ளவர் நெருக்கடி நாளில் கடைக்குப் போகாமல் இருப்பதே அவர் செய்யக்கூடிய பெரிய தானம்.

இன்னொன்று, காலி அலமாரியின் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். அந்தப் படம் தகவலாகப் போவதில்லை, அழைப்பாகப் போகிறது.

சில வேண்டுகோள்கள்

நிர்வாகத்தில் இருப்போருக்கு இந்த அவையின் வழியாகச் சிலவற்றை முன்வைக்கிறேன்.

கடை எப்போது மூடும் என்று அறிவிக்கும் அதே வாக்கியத்தில், எப்போது திறக்கும், இடையில் எந்த வண்டி எந்தத் தெருவுக்கு வரும் என்பதையும் அறிவிக்க வேண்டும். “போதிய கையிருப்பு உள்ளது” என்ற பொதுவான சொல்லை மக்கள் பலமுறை கேட்டுவிட்டார்கள். எந்தக் கிடங்கில் எத்தனை நாளுக்கு உள்ளது என்று வட்டம் வாரியாகச் சொன்னால் நம்புவார்கள். ஒரு நாள் அவகாசம் கொடுத்தால் கூட்டம் வரும்; நாள்களைப் பிரித்துக் கொடுத்தால் வரிசை வரும்.

அளவு வரம்பை அலமாரி காலியான பின் அல்ல, முதல் நாள் காலையிலேயே போட வேண்டும். 2020 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் பெரிய அங்காடிகள் ஆளுக்கு இவ்வளவு என்று வரம்பு வைத்ததோடு, முதியோருக்கென்று காலையில் தனி நேரமும் ஒதுக்கின. நம் ஊரில் மாலையில் கூலி வாங்கி வருகிறவருக்கென்று ஒரு நேரமும், சின்னப் பொட்டலங்களில் ஒரு பங்கும் ஒதுக்கப்பட வேண்டும். இதை வணிகர் சங்கங்கள் தாமே முன்வந்து செய்ய முடியும்.

பதுக்கலைத் தடுக்க 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் இருக்கிறது. 2020 மார்ச்சில் முகக்கவசத்தையும் கைச் சுத்திகரிப்புத் திரவத்தையும் அந்தச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்து, 200 மில்லி திரவத்துக்கு 100 ரூபாய் என்று உச்சவிலை வைத்தார்கள். கிடங்கில் ஒளித்து வைக்கும் பெருவணிகர்மேல் அந்தச் சட்டம் பாயட்டும். இரண்டு கிலோ கூடுதலாக வாங்கிய தாயின்மேல் பாயக் கூடாது.

கடைசியாக, நம் ரேஷன் கடைகள். அட்டை வைத்திருந்தும் பொருள் வாங்காத நடுத்தரக் குடும்பங்கள் பல. அது தங்களுக்கான இடம் இல்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள். வசதியானவருக்கு எதற்கு ரேஷன், ஏழைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா என்ற வாதமும் அவ்வப்போது எழுகிறது. 2020 ஏப்ரலில் ஏழை யார், வசதியானவர் யார்? தனியார் பள்ளி ஆசிரியரும் ஜவுளிக்கடை விற்பனையாளரும் வாடகைக் கார் ஓட்டுநரும் ஒரே மாதத்தில் ஏழைகளானார்கள். பட்டியல் போட்டு ஏழைகளைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டில் அவர்கள் பெயர் சேர்வதற்குள் நெருக்கடியே முடிந்திருக்கும். எல்லோருக்கும் அட்டை இருந்ததால் அவர்கள் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க நேரவில்லை.

அந்தக் கடைகளின் அரிசி இன்னும் தரமாக இருக்க வேண்டும், எடை சரியாக இருக்க வேண்டும், மாதத்தில் எல்லா நாளும் எல்லாப் பொருளும் இருக்க வேண்டும், அங்கே வேலை செய்கிறவர்களுக்கு நியாயமான ஊதியம் வேண்டும். இவற்றைக் கேட்கும் குரலில் நடுத்தர வர்க்கத்தின் குரலும் சேர வேண்டும். நன்றாக நடக்கும் ரேஷன் கடை உள்ள தெருவில் வதந்தி கால் ஊன்றாது. புயலுக்கும் நோய்க்கும் நாள் குறித்துத் தர யாராலும் முடியாது. நாளைக்கும் கடை திறக்கும், உன் பங்கு உனக்கு இருக்கும் என்று ஓர் அரசும் ஒரு கடைக்காரரும் ஓர் அண்டை வீட்டாரும் சொல்ல முடியும்; சொன்னபடி நடக்கவும் முடியும். அதைத் தமிழ்நாடு செய்து காட்டியிருக்கிறது. இன்னும் நன்றாகச் செய்ய வேண்டும் என்று கேட்பதற்கே இன்று இங்கு வந்தேன்.